ஐந்து நிமிடம் ஐம்பத்தொரு விநாடி

கடைப்பெண் மூன்று வாட்சுகளை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தாள். கறுப்பு ஒன்று, பாசிப்பச்சை ஒன்று, ஆரஞ்சுப் பட்டை போட்டது ஒன்று. "நீங்க பாட்டுக்கு நிதானமாப் பாத்து எடுங்ணா, வெலயப் பாக்காதீங்க," என்றாள் மோகன் பெண்டாட்டி கீதாமணி. தண்டபாணி தலையை ஆட்டினான். நாலு மாதமாக அவன் இந்தத் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறான், ஆஸ்பத்திரியில், மோகன் வீட்டுக் கூடத்தில், போன வாரம் மருதமலைப் படியில், எங்கே யார் என்ன புகழ்ந்தாலும் அடக்கமானவன் மாதிரி ஒரு ஆட்டு. பக்கத்து நாற்காலியில் மோகன் உட்கார்ந்திருந்தான், நாலு கால் வைத்த ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, உயிர் வராத இடக்கையை மடியில் போட்டுக்கொண்டு. முன்பெல்லாம் எந்த வாட்ச் என்ன செய்யும் என்று ஒப்பிப்பவன் அவன். இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடித்துப் பேசுகிறான். "கறுப்பு... நல்லாருக்குங்ணா," என்றான். உயிரைக் காப்பாற்றினவருக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்து மரியாதை செய்வது அவர்கள் வீட்டு வழக்கமாம். அவனுடைய அம்மா காலத்திலிருந்தே அப்படித்தானாம். வேட்டியை அவர் எங்கே கட்டுகிறார், வாட்ச்தான் அவருக்கு வேட்டி என்று மோகன்தான் சொன்னானாம். அதுவும் தன்னைத் தூக்குகிற அவசரத்தில் அண்ணனுடைய வாட்ச் கல்லில் அடிபட்டு உடைந்தே போய்விட்டதல்லவா, அதைவிடப் பெரியதாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றானாம். உடைந்த வாட்ச். தண்டபாணி வீட்டுப் பீரோவில் பேன்ட் அடுக்குக்கு அடியில் ஒரு கீறலும் இல்லாமல் கிடக்கிறது அந்த உடைந்த வாட்ச். பெண்டாட்டி துணி அடுக்கும்போதெல்லாம் இவன் நெஞ்சு போய் அந்த அடுக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

"இது ஜிபிஎஸ் ஆன்ல இருந்தா நாப்பது மணி நேரம் நிக்கும் சார், மேப் உள்ளயே இருக்கு, டவர் இல்லாட்டியும் வழி காட்டும்," என்றாள் கடைப்பெண். டவர் இல்லாட்டியும். ஆனைகட்டிச் சாலையில் அந்த இறக்கத்தில் டவர் கிடைக்காது, மேலே டீக்கடைக்கு வந்தால்தான் கிடைக்கும், அது தண்டபாணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் சைக்கிள் குழுவில் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை விடியக் கிளம்புவார்கள், வடவள்ளியில் கூடுவார்கள், வழியெல்லாம் வழக்கடித்துக்கொண்டே போவார்கள். ஆனால் அந்த இறக்கத்தின் தலைப்பில் இருக்கிற வேப்பமரத்திலிருந்து மேட்டின் உச்சியில் இருக்கிற டீக்கடை வரைக்கும் யாரும் பேசமாட்டார்கள். அந்தத் துண்டுக்கு செக்மென்ட் என்று பேர். மரத்தைத் தாண்டியதும் வாட்ச் தானாக எண்ண ஆரம்பிக்கும், டீக்கடையைத் தொட்டால் நிற்கும், வீட்டுக்குப் போனால் யார் எத்தனை விநாடி என்று ஆப்பில் வரிசையாக நிற்கும். செக்மென்ட்டில் யாருக்காகவும் யாரும் நிற்பதில்லை, மேலே போய்க் காத்திருப்பது. இது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம், எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்ட சட்டம். காரணமும் உண்டு. இறக்கத்தில் சேர்த்த வேகத்தை மேட்டில்தான் செலவழிக்க வேண்டும், இறக்கத்தில் ஒரு தடவை பிரேக்கைத் தொட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு அவ்வளவுதான். மோகனுக்கு ஐந்து நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. தண்டபாணிக்கு ஆறு நிமிடம் நாலு விநாடி. இரண்டு வருஷமாக இந்த ஆறு விநாடி. "ஆறு விநாடிதானேங்ணா, ஒரு தும்மல்," என்பான் மோகன் டீயை ஆற்றிக்கொண்டே. நல்ல எண்ணத்தில்தான் சொல்வான், அவனுக்குக் கெட்ட எண்ணமே வராது, அதுதான் தண்டபாணிக்குப் பற்றிக்கொண்டு வரும். பம்ப் கம்பெனியில் தர ஆய்வாளன் இவன். நாளெல்லாம் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து இது தேறும் இது தேறாது என்று சுண்ணக்கட்டியில் குறி போடுகிறவன். ஐம்பத்தொரு வயசில் தன்மேல் தானே தேறாது என்று குறி போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடு திரும்பினான். ஒரு தும்மலுக்காக. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள், சிரிப்பார்கள்.

பாசிப்பச்சையைக் கையில் வைத்துப் பார்த்தான். கனமே இல்லை. "இது லைட் வெயிட் சார், நீச்சலுக்கும் போடலாம், மலையேற்றத்துக்கும் போடலாம்." போடலாம், போடலாம். நாலு மாதத்துக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமை. முந்தின ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது, எட்டில் ஆறு பேர் வரவில்லை, இவர்கள் இரண்டு பேர்தான். வேப்பமரத்தைத் தாண்டும்போது இவன் முன்னால் இருந்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மோகன் பின்னால், சக்கரம் ஓடுகிற சத்தம் மட்டும் காதருகே, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறது, தள்ளிப் போகிறது, ஐயோ என்ன சுகம். வளைவில் மழை இழுத்து வந்த மணல் இருந்தது. பார்த்தான். கையைக் காட்டிச் சொல்ல வேண்டும், முன்னால் போகிறவன் மணலைக் கண்டால் இடது கையை இறக்கி விரலால் காட்ட வேண்டும், இதுவும் அவர்கள் சட்டம்தான், இந்தச் சட்டம் மட்டும் அன்றைக்குக் கை வரைக்கும் வரவில்லை. காட்டினானா இல்லையா என்று நாலு மாதமாக யோசிக்கிறான். சில நாள் காட்டின மாதிரி இருக்கும். சில நாள் கை ஹாண்டிலை விட்டு எழவே இல்லை என்பது நிச்சயமாகத் தெரியும். வளைவைத் தாண்டினதும் பின்னால் ஒரு சத்தம். தண்ணீர் பாட்டில் விழுந்து உருளுகிற சத்தம். பாட்டில் விழும், எல்லாருக்கும் விழுந்திருக்கிறது, மேடு பள்ளத்தில் சைக்கிளில் மாட்டின கூண்டிலிருந்து எகிறிப் போகும், பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்கள். பாட்டில்தான் என்று நினைத்தான். சரி, பாட்டில் என்றே வைத்துக்கொள்வோம். பாட்டில் என்றால் நீ எதற்கடா பிரேக்கைத் தொட்டாய்.

அதுதான் சிக்கல், அங்கேயேதான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறது. தொட்டான். ஆப்பில் வேகக் கோட்டில் அது இருக்கிறது, நாற்பத்தாறில் போகிற கோடு நாற்பத்தொன்றுக்கு இறங்குகிறது, ஒரு சின்னப் பள்ளம், பிறகு நாற்பத்தெட்டுக்கு ஏறுகிறது. அதைவிடச் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் அவன் பம்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். விரல் போய்ப் பிரேக்கைத் தொட்டிருக்கிறது, தொட்ட விரலை எடுத்திருக்கிறான், எடுத்த பிறகு முன்னைவிட அழுத்தி மிதித்திருக்கிறான். பாட்டிலுக்கு எவனாவது அப்படி மிதிப்பானா. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, திரும்பினால் ஒரு விநாடி போகும். மேட்டில் ஏறும்போது தொடை எரிந்தது, வாயெல்லாம் இரும்பு ருசி, டீக்கடைத் தகரம் கண்ணுக்குத் தெரிந்தது, தொட்டான், ரைடை முடிக்கிற பொத்தானை அமுக்கினான். ஐந்து நிமிடம் ஐம்பத்தொரு விநாடி. ஒரு தும்மல் போய் இன்னொரு தும்மலும் சேர்ந்து. சந்தோஷப்பட்டான், அதை இல்லை என்று சொல்ல முடியாது, கண்ணில் தண்ணீர் வந்தது. டீ சொன்னான். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னான். குடித்தான். மோகன் வந்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, சாதாரணமாகச் சொல்வதா, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா என்று யோசித்தான். இன்னொரு டீ சொன்னான். பாட்டில் தேட இவ்வளவு நேரமா என்று ஒரு தடவை நினைத்தான். சைக்கிளை எடுத்துக் கீழே போய்ப் பார்த்திருக்கலாம், போனால் மறுபடி அந்த மேட்டை ஏற வேண்டுமே. இருபத்திரண்டு நிமிடம். பால்வண்டிக்காரன் ஏறி வந்து, "கீழ வளைவுல உண்ணிச்செடிக்குள்ள ஒருத்தரு உழுந்து கெடக்கறாருங், சக்கரந்தான் வெளிய தெரியுது, போன் போடலாம்னா டவரில்லைங்," என்று சொல்லும்போது இரண்டாவது டீயில் பாதி மீதி இருந்தது.

"பச்சை வேண்டாங்ளா?" என்றாள் கீதாமணி. "பாக்கறனுங்க," என்றான். கடைப்பெண் ஆரஞ்சை நகர்த்தி வைத்தாள். "இதுல ஒரு விசேஷம் சார். ரைடர் கீழ விழுந்துட்டா அதுவே கண்டுபிடிச்சு வீட்டுக்கு மெசேஜ் அனுப்பிடும். சார் மாதிரி அவுட்டோர் போறவங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க." யார் விழுந்தால்? விழுகிறவன் கையில் இருப்பது விழுந்ததைச் சொல்லும். முன்னால் போகிறவன் கையில் இருப்பது என்ன சொல்லும், இன்னும் பதினோரு விநாடி மிச்சம், மிதி என்று சொல்லும். மோகன் சிரித்தான், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "எனக்கு... மெசேஜ் வேண்டியதில்லீம்மா. எனக்கு அண்ணன்... இருந்தாரு." பிறகு ஆரம்பித்துவிட்டான். கடைப்பெண்ணிடமும் அந்தக் கதை. பின்னால் ஆளைக் காணோமே என்று திரும்பிப் பார்த்தாராம், அந்த மேட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தாராம், செடிக்குள் கையை விட்டு இழுத்தாராம், வாட்ச் உடைந்ததுகூட அவருக்குத் தெரியாதாம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதையில் கொஞ்சம் சேர்கிறது, இந்த முறை முள் கிழித்து அண்ணன் கையில் ரத்தம் வேறு. இதையெல்லாம் மோகன் பார்க்கவில்லை, அவன் நினைவில்லாமல் கிடந்தான். இதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கீதாமணி, "எத்தன நேரத்துல போனீங்ணா?" என்று கேட்டபோது தண்டபாணி வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வார்த்தையிலிருந்து முளைத்தது. உடனே. உடனே போனேன் அம்மிணி. இரண்டு டீயை எடுத்து எறிந்துவிட்டு அந்த இடத்தில் வைத்த வார்த்தை. வாட்ச் எங்கே என்று யாரோ கேட்டபோது உடைந்துவிட்டது என்றான். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று. டாக்டர் வந்து, தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, அரை மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் கையும் பேச்சும் இவ்வளவு போயிருக்காது, பரவாயில்லை, ஆள் பிழைத்ததே பெரிசு, கூட வந்தவர் கெட்டிக்காரர் என்றார். கெட்டிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஆப்பைத் திறந்தான், அந்த ரைடை அழிக்க. அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்று ஒரு விரல் வைத்தால் முடிந்தது, பள்ளமும் போகும், டீக்கடையைத் தொட்ட மணியும் போகும். ஐந்து ஐம்பத்தொன்றும் போகும். விரல் அந்தரத்தில் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவனுக்குத்தான் தெரியும். கடைசியில் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி மட்டும் வைத்தான். இந்தக் கேவலத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது. ஒருத்தன் அங்கே மண்டையைத் திறந்துபோட்டுக் கிடக்கிறான், இங்கே இவன் விநாடியைப் பத்திரப்படுத்துகிறான். இன்றைக்கு வரைக்கும் அது இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது கக்கூசில் உட்கார்ந்து திறந்து பார்க்கிறான், பள்ளத்தைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறான், பார்ப்பது மேலே தடித்த எழுத்தில் இருக்கிற நேரத்தை. சைக்கிளைத் தொட்டு நாலு மாதம் ஆகிறது. டயரில் காற்று இறங்கிப்போய்ச் சுவரோரம் நிற்கிறது, நண்பனுக்காக ஓட்டாமல் இருக்கிறான், என்ன மனசு பார் என்று குழுவில் அதற்கும் ஒரு புகழ்ச்சி.

"பட்டையெல்லாம் அந்தப் பக்கம் இருக்குங்க சார், வேற கலர் மாத்திக்கலாம், வந்து பாக்கறீங்களா?" என்று கடைப்பெண் மோகனைக் கேட்டாள். அவனுக்குப் பட்டை பார்ப்பதென்றால் குழந்தைக்கு மிட்டாய்க் கடை மாதிரி. ஊன்றுகோலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, கடையின் அந்தக் கோடிக்கு அவள் பின்னால் போனான். போவதற்கே இரண்டு நிமிடம் ஆயிற்று. கீதாமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்டபாணி மேஜைமேல் இருந்த மூன்றையும் பார்த்தான், இதில் எதைக் கட்டினாலும் கை அழுகிப்போகும் என்று தோன்றியது. இப்போது சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி எப்போதுமில்லை. சொன்னால் காறித் துப்புவாள், துப்பட்டும், அந்த எச்சில் பட்டாலாவது கொஞ்சம் சுத்தமாகும். எட்டுப் பேர் குழுவில் முகத்தில் முழிக்க முடியாது, கம்பெனியில் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியும். ராத்திரி தூக்கமாவது வரும். "அம்மிணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்," என்றான். "அன்னிக்கு நான்..."

"வேண்டாங்ணா," என்றாள் கீதாமணி. குரலை ஏற்றவில்லை. கண் இன்னும் மோகன்மேல்தான் இருந்தது. "அன்னிக்கு அவரு போனு எங் கையிலதான் இருந்துச்சு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லலாம்னு தொறந்தேன். நீங்க அவரத் தாண்டிட்டீங்க, புது நேரம்னு மேலயே வந்து நின்னுச்சு. காலைல ஆறு பதினெட்டுக்கு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. பொறவு புள்ளயக் கேட்டேன், அவதான் எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனா. அவரு வாட்ச்சு ஆறு பதினாலோட அங்கயே நிக்குது. நீங்க போன் பண்ணுனது ஆறு நாப்பதுன்னு ஆம்புலன்சுச் சீட்டுல இருக்குது." ஆறு பதினெட்டு. பொத்தானை அமுக்கினதும் அதுவாகவே போய்விட்டிருக்கிறது, டவர் கிடைக்கிற இடமாயிற்றே. சாயங்காலம் இவன் பூட்டினது ஒருத்தி பார்த்துவிட்டுப் போன வீட்டை. நாலு மாதமாக இவளுக்குத் தெரியும். நாலு மாதமாக இவள் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறான், தலையை ஆட்டியிருக்கிறான். "அப்பறம் எதுக்கு அம்மிணி இதெல்லாம்," என்றான், வாட்சுகளைக் காட்டி.

"தெனமும் அந்தக் கையத் தூக்கச் சொல்றாங்க. வலி தாங்காம அழுகறாருங்ணா, இத்தன வருசத்துல நான் அவரு அழுது பாத்ததில்ல. அழுதுட்டு மறுபடியும் தூக்கறாரு. அப்ப என்ன சொல்லிக்கிட்டுத் தூக்கறாருன்னு தெரியுங்ளா? அண்ணன் எனக்காகத் திரும்பி வந்தாரு, நான் எந்திரிச்சே ஆகோணும்ங்கறாரு. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறாரு, கோலப் புடிச்சுக்கிட்டு இல்ல. அத நான் புடுங்கட்டுங்ளா? நீங்க புடுங்கறீங்ளா?" தண்டபாணி, "என்னால தாங்க முடியல அம்மிணி," என்றான். அவள் இப்போதுதான் திரும்பி அவனைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். கம்பெனியில் ஆள் எடுக்கும்போது இவன் எத்தனை நாளைக்கு உழைப்பான் என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "முடியாட்டிப் போவட்டும். உங்களுக்கு லேசாகறதுக்காக நான் இங்க வரல. இதக் கட்டிக்கங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதே ரோட்டுல ஓட்டீட்டு நேரா எங்கூட்டுக்கு வரோணும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு அவரு கேப்பாரு, எல்லாத்தையும் காட்டோணும். நல்லா ஓட்டியிருக்கோணும், இல்லாட்டி அவரு மனசு ஒடஞ்சுபோகும். அவரு சரியாகற வரைக்கும். ஆகாட்டியும்." அவ்வளவுதான் சொன்னாள். அவன் ஏதாவது சொல்வான் என்றுகூட அவள் காத்திருக்கவில்லை, கைப்பையைத் திறந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்படியானால் இதுதான். துப்பக்கூட மாட்டாள். காலமெல்லாம் அந்த வேப்பமரத்தைத் தாண்ட வேண்டும், அந்த வளைவைத் தாண்ட வேண்டும், டீக்கடையைத் தொட வேண்டும், பிறகு வந்து ஒரு நல்ல மனிதனுக்கு முன்னால் கையை நீட்ட வேண்டும். தண்டபாணிக்கு அழுகை வந்தது, அழுவதற்கும் இவளிடம்தான் அனுமதி கேட்க வேண்டும் போல இருந்தது.

மோகன் வந்துவிட்டான். நல்ல கையில் ஒரு கறுப்புப் பட்டை. "கறுப்புத்தான்... நீங்க என்ன... சொல்றீங்க?" என்றான். "கறுப்பே எடுத்துக்கலாம் மோகன்," என்றான் தண்டபாணி. கடைப்பெண் பட்டையை மாற்றி, அவன் உயரம், எடை, பிறந்த வருஷம் எல்லாம் கேட்டு உள்ளே போட்டு, கட்டிவிடக் கை நீட்டினாள். "நான்... நான் கட்டறன்," என்றான் மோகன். ஊன்றுகோலைக் கீதாமணியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். ஒரு கையால் பட்டையைக் கட்டுவது லேசில்லை. வாட்ச் வழுக்கிக்கொண்டு போயிற்று, தண்டபாணி இன்னொரு கையால் பிடிக்கப் போனால், "இருங்ணா, இருங்ணா," என்றான். மடியில் கிடந்த இடக்கையை வலக்கையால் தூக்கி மேஜைமேல் வைத்து, அந்த மரத்த விரல்களைப் பாரம் மாதிரி வாட்ச்மேல் வைத்து அமுக்கிக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்க்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்றாவது தடவையில் கொக்கியை ஓட்டைக்குள் விட்டான். விரல்கள் சில்லென்று இருந்தன. தண்டபாணி கையை அசைக்கவில்லை. வாட்சுக்கு அடியில் பச்சை வெளிச்சம் மினுக் மினுக்கென்று அடித்தது, திரையில் ஒரு சின்ன இதயமும் ஒரு எண்ணும் வந்தன. மோகன் குனிந்து படித்தான். நூற்று முப்பத்தொன்று. மறுபடி படித்தான். நூற்று முப்பத்தாறு. நிமிர்ந்து நண்பன் முகத்தைப் பார்த்தான். "என்னங்ணா... சும்மா உக்காந்திருக்கறப்பவே... இப்படி அடிக்குது? மேட்டுல ஏர்றப்பத்தான... உங்களுக்கு இவ்வளவு... வரும்." கவலையாகக் கேட்டான். தண்டபாணி கீதாமணியைப் பார்த்தான்.

"புது வாட்ச்சுன்னா மொதல்ல அப்படித்தாங்க காட்டும்," என்றாள் கீதாமணி. "நீங்க பட்டைய இன்னும் ஒரு ஓட்டை இறுக்குங்க."

மோகன் இறுக்கினான்.